‘அப்படி இல்லேன்னா?’ என்று கேட்கும் வேலை

பதினோராம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் கிடைப்பருமை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம் என்று நாலையும் தாண்டி வந்தால் ஒரு சின்னப் பகுதி இருக்கும். உள்ளதை உள்ளபடி சொல்வது இயல்புரை. எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது நெறியுரை. அந்த இடத்துக்கு வருவதற்குள் பிள்ளைகள் களைத்திருப்பார்கள். இரண்டு வரியை மனப்பாடம் செய்துகொண்டு நுகர்வுப் பகுப்பாய்வுக்குத் தாவிவிடுவார்கள்.

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்துகிறவன் நான். வருஷம் முழுக்க நடத்துவதில் எனக்கு ருசியான இடம் இந்த இரண்டு வரிதான். தேவை வளைகோடு வரையப் பழகிய பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கும். ஒரு வாக்கியத்தைக் கையில் எடுத்து, இதில் எவ்வளவு பார்த்துச் சொன்னது, எவ்வளவு விரும்பிச் சொன்னது என்று பிரிக்கப் பழகிய பிள்ளை, பத்திரிகை படிக்கும்போதும் ஊர்க்கூட்டத்தில் நிற்கும்போதும் ஏமாறாது.

எங்கள் வட்டாரம் அரளிப் பூவுக்குப் பேர்போனது. விடியுமுன் மொட்டு பறித்து மூட்டை கட்டிச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. ஆகவே பாடத்தை லண்டனிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பூவைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்வேன். ‘ஆயுத பூஜைக்கு விலை ஏறும்’, ‘மழை பெஞ்சா மொட்டு வீணாப் போயிரும்’, ‘கமிஷன்காரங்க ஏமாத்துறாங்க’, ‘பறிக்கிறவங்களுக்குக் கூலி கம்மி’. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிரிக்கச் சொல்வேன். முதல் இரண்டும் இயல்புரை என்பதில் சண்டை வராது. கடைசி வாக்கியத்தில்தான் வகுப்பு இரண்டாக உடையும்.

‘கூலி கம்மி’ என்பது எந்தப் பக்கம்? கூலி என்னவென்று கேட்டால் ரூபாயில் பதில் வருகிறது, அதனால் இயல்புரை என்பார்கள் சிலர். கம்மி என்பது குறை சொல்வது, அதனால் நெறியுரை என்பார்கள் சிலர். அங்கே நான் பழக்கிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘எதைவிட?’ கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனால் கிடைப்பதைவிடக் கம்மி என்றால், இரண்டு கூலியையும் விசாரித்துவிட்டு முடிவுக்கு வரலாம். அந்த வேலைக்குக் கொடுக்க வேண்டியதைவிடக் கம்மி என்றால், எத்தனை தோட்டத்தில் போய் விசாரித்தாலும் முடிவு கிடைக்காது. வாக்கியம் ஒன்றுதான். அதற்குப் பின்னால் சொல்லாமல் விட்ட ‘எதைவிட’ தான் அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுகிறது.

இங்கேயே புத்தகத்தோடு எனக்குள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தின் வால் ‘வேண்டும்’ என்று முடிந்தால் நெறியுரை, ‘இருக்கிறது’ என்று முடிந்தால் இயல்புரை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் அப்படி நினைக்க வைக்கின்றன. ஊரில் ‘வேண்டும்’ போட்டுப் பேசுகிறவர்களால் பெரிய ஆபத்து எதுவுமில்லை. தன் விருப்பத்தைத் தன் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கவனிக்க வேண்டியவை ‘இருக்கிறது’ என்று முடியும் வாக்கியங்கள். அதிலும் எண்ணோடு வருபவை.

வறுமைக்கோட்டைப் பாருங்கள். 2011-12ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏழைகள் எத்தனை பேர்? டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 21.9 சதவீதம், ஏறத்தாழ 27 கோடி. ரங்கராஜன் குழு 2014-ல் கொடுத்த முறைப்படி அதே ஆண்டுக்கு 29.5 சதவீதம், 36 கோடிக்கு மேல். கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய் என்று அவர் கோடு போட்டார். 972 ரூபாய் என்று இவர் போட்டார். இடையில் ஒன்பது கோடிப் பேர் ஏழையாகவும் ஏழையல்லாதவராகவும் நிற்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கெடுத்த விதத்திலும் வித்தியாசம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதன் எதெல்லாம் இல்லாமல் இருந்தால் அது வறுமை என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. அதை யாராவது உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். 2011 செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் நகரத்துக்கு நாளுக்கு 32 ரூபாய், கிராமத்துக்கு 26 ரூபாய் என்று சொன்னபோது நாடே கொதித்தது நினைவிருக்கும். கொதித்தவர்கள் பெருக்கல் தப்பு என்று சொல்லவில்லை. அந்த முடிவைத் தங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டு, கணக்கு என்ற பேரில் நீட்டியதற்குத்தான் கோபம்.

இந்தப் பிரிப்பைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பெரிய கெய்ன்ஸின் தகப்பனார் ஜான் நெவில் கெய்ன்ஸ் 1891-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லும் அறிவு, இருக்க வேண்டியதைச் சொல்லும் அறிவு, அங்கே போய்ச்சேர வழிசொல்லும் கலை என்று மூன்றாகப் பிரித்தார். மூன்றாவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அது பாவம். என் வேலைக்கு அவரைவிட அதிகம் கைகொடுத்தது அமர்த்தியா சென் 1967-ல் எழுதிய ஒரு கட்டுரை. மதிப்பீடுகளிலேயே இரண்டு சாதி உண்டு என்றார் அவர். நிலைமை எப்படி மாறினாலும் விடாமல் பிடித்துக்கொள்வது அடிப்படையானது. நிலைமை மாறினால் கைவிடத் தயாராக இருப்பது அடிப்படையல்லாதது. இரண்டாம் வகையோடு வாதாடலாம், தகவலைக் காட்டி மனதை மாற்றலாம். முதல் வகையோடு தகவலை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. சென் நுட்பமாக எழுதியதை நான் வகுப்புக்காக ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொண்டேன்: ‘அப்படி இல்லேன்னா?’

அந்தக் கேள்வியின் பலன் தெரிய எங்கள் ஊரின் பழைய சண்டையையே எடுத்துக்கொள்ளலாம். நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் இருநூறு மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் சேலத்துக்கும் வந்தது. அன்றிலிருந்து டீக்கடை வாக்கியம் ஒன்று உண்டு: ‘நூறு நாள் வேலை வந்ததுலருந்து காட்டு வேலைக்கு ஆளே கெடைக்கறதில்லீங்க, அதை நிறுத்தணும்.’ இதில் கமாவுக்கு முன்னால் இருப்பது இயல்புரை, பின்னால் இருப்பது நெறியுரை என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். அதோடு விடக் கூடாது.

முதல் பாதியைச் சோதிக்கலாம். ஆள் கிடைக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. சேலத்துக்குள் கட்டட வேலை, ஜவுளி வேலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, கம்பெனி பஸ் ஏறிப் போகிற பெண்கள், காலேஜுக்குப் போகிற பிள்ளைகள். இதில் எதனால் எவ்வளவு என்று பிரிப்பது கடினமான வேலை. ஆனாலும் முடிகிற வேலை. கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் என்ற இருவர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், திட்டம் முதலில் வந்த மாவட்டங்களையும் பின்னால் வந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திட்டத்தால் தனியாரிடம் செய்யும் கூலிவேலை குறைந்தது, கூலி ஏறியது என்பது அவர்கள் கண்டது. டீக்கடைப் பேச்சில் உண்மை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இனித்தான் சுவாரசியம். ‘கூலி ஏறியது’ என்ற அந்த ஒரே தகவலைத் தோட்டக்காரர் நஷ்டம் என்று படிக்கிறார், பூப் பறிக்கிற அம்மா லாபம் என்று படிக்கிறார். என் வகுப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். திட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற பையனிடம் கேட்பேன், ‘ஆள் தாராளமாக் கெடைச்சா, அப்பவும் நிறுத்தணுமா?’ ஒருவன் யோசித்து, ‘அப்பன்னா இருந்துட்டுப் போகட்டும் சார்’ என்றான். இன்னொருவன், ‘அப்பவும் வேண்டாம் சார், வேலை செய்யாம சம்பளம் வாங்குறாங்க’ என்றான். இருவரும் அதுவரை ஒரே கட்சி. கேள்விக்குப் பிறகு தனித்தனி. முதல் பையனோடு ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் பேசினால் போதும். இரண்டாவது பையன் புதிதாக ஒரு தகவலைச் சொல்லியிருக்கிறான், வேலை நடக்கிறதா இல்லையா என்று. அதை ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வந்த பிறகும் அவன் அதே இடத்தில் நின்றால் அது வேறு ஏதோ ஒன்றின் பேரில்.

மில்டன் ஃப்ரீட்மன் 1953-ல், பொருளாதாரக் கொள்கையில் நாம் போடும் சண்டையில் பெரும்பகுதி மதிப்பீடுகளைப் பற்றியதல்ல, என்ன விளையும் என்ற கணிப்பைப் பற்றியது என்று எழுதினார். குறைந்தபட்சக் கூலியைத்தான் உதாரணமாகக் காட்டினார். தகவல் தெளிந்தால் சண்டை குறையும் என்பது அவர் நம்பிக்கை. அமெரிக்காவில் எப்படியோ. எங்கள் டீக்கடையில் தகவல் தெளிந்ததும் சண்டை குறைவதும் உண்டு, கூடுவதும் உண்டு. யார் எதை இழக்கிறார் என்று சரியாகத் தெரிந்த பிறகுதானே ஆள் தன் பக்கத்தைக் கெட்டியாகப் பிடிக்கிறான்?

2018-ல் பாடத்துக்கு நான் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. சென்னை-சேலம் எட்டுவழிச் சாலை: பாரத்மாலா திட்டத்தில் 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டங்கள். பூலாவரி, நாழிக்கல்பட்டிப் பக்கமெல்லாம் அளவுக்கல் நட வந்தார்கள். தென்னந்தோப்பிலும் அரளிக் காட்டிலும் கல் விழுந்தது. தூரம் 60 கிலோமீட்டர் குறையும், பயண நேரம் பாதியாகும், நாட்டுக்கு நல்லது என்றது அரசு. வேண்டாம் என்றார்கள் நிலத்துக்காரர்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு அதில் சொந்த பந்தம் இருந்தது.

அந்த நாட்களில் நான் கறாராக வைத்துக்கொண்ட வழக்கம், பிடித்த கட்சியின் வாக்கியத்தையும் பிடிக்காத கட்சியின் வாக்கியத்தையும் ஒரே கத்தியால் அறுப்பது. என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது ஊருக்குத் தெரியும். அதனாலேயே எங்கள் ஆட்கள் சொன்னதை முதலில் எடுத்தேன். ‘இது பூராவும் முப்போகம் வெளையுற பூமி’ என்றார்கள். அது தகவல், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் புல எண் வாரியாக என்ன பயிர் என்று இருக்கும், போய்ப் பார்க்கலாம். ‘இருக்கிற ரோடே போதும்’ என்றார்கள். பாதி தகவல்: எத்தனை வண்டி போகிறது என்று சுங்கச் சாவடியில் எண்ணலாம். ‘போதும்’ என்பது எண்ணிக்கையில் இல்லை. ‘நெலத்தை விக்கிறது பெத்தவளை விக்கிற மாதிரி’ என்றார் ஒரு பெரியவர். அதற்கு அடங்கல் கிடையாது. அவரிடம் ‘மூணு பங்கு வெலை குடுத்தா?’ என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பக்கத்துக் காட்டுக்காரர் அதே கேள்விக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டார். பத்திரிகையில் இருவரும் ‘விவசாயிகள் எதிர்ப்பு’ என்ற ஒரே தலைப்புக்குள் போனார்கள்.

பிறகு அரசுத் தரப்பு. ‘நாட்டுக்கு நல்லது’ என்பதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? நிக்கோலஸ் கால்டரும் ஜான் ஹிக்ஸும் 1939-ல் ஒரு வழி சொன்னார்கள். ஒரு மாற்றத்தால் லாபமடைகிறவர்கள், நஷ்டமடைகிறவர்களுக்கு முழுசாக ஈடு கொடுத்த பிறகும் கையில் மிச்சம் இருக்கும் என்றால் அது முன்னேற்றம். இதில் கவனிக்க வேண்டியது, கொடுக்க முடிந்தால் போதும். கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது அரசியல், அது எங்கள் துறை அல்ல என்றார் கால்டர். மேலுக்குச் சுத்தமான பிரிப்பு போலத்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்காமலே ‘முன்னேற்றம்’ என்று பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயருக்குள் ஒரு தீர்ப்பு உட்கார்ந்துவிடுகிறது.

சட்டம் ஈடு கொடுக்கச் சொல்கிறது. 2013-ன் நிலமெடுப்புச் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பு, அல்லது முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, எது அதிகமோ அது. கிராமமாக இருந்தால் அதை ஒன்றிலிருந்து இரண்டுக்குள் ஓர் எண்ணால் பெருக்கி, அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. இதிலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்கலாம். பத்திரத்தில் எழுதுகிற விலையும் கையில் மாறுகிற விலையும் ஒன்றல்ல என்பது சேலம் ஜில்லாவில் குழந்தைக்கும் தெரியும். அது அளவையில் வந்த கோளாறு, தகவல் பிழை. ஆனால் சரியான சந்தை விலையே கிடைத்தாலும், விற்க மனமில்லாதவனுக்கு அது ஈடாகுமா? சந்தை விலைக்கு அவன் ஏற்கனவே விற்றிருக்கலாம்; விற்கவில்லை. அவனுக்கு அந்த நிலம் அதைவிடப் பெறும் என்பது மதிப்பீடு அல்ல, அவன் நடத்தையிலிருந்து தெரிகிற தகவல். சந்தை விலைக்கு மேல் ஆறுதல் தொகை என்று தனியே வைத்ததால் சட்டமும் அதை ஒருவிதத்தில் ஒப்புக்கொள்கிறது. நூறு ஏன், எண்பதோ நூற்றைம்பதோ ஏன் இல்லை என்பதற்கு மட்டும் எந்த ஆய்வும் பதில் தராது.

அந்த நிலத்தில் பூப் பறித்தவர்களுக்கு? 1894-ன் பழைய சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவர்களைத்தான் கண்டது. 2013 சட்டம் மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக்காரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் சேர்த்தது. இடைப்பட்ட 119 ஆண்டுகளில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் நடக்கவில்லை; நிலம் போனால் கூலி போகும் என்பது 1894-லும் தெரிந்ததுதான். யாருடைய நஷ்டம் நஷ்டமாக எண்ணப்படும் என்ற முடிவு மாறியது. (அந்தச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து நெடுஞ்சாலைகளுக்கு விலக்கு இருக்கிறது. அதுவும் ஒரு முடிவு.)

பயண நேரம் பாதியாகும் என்றார்களே, அந்த மிச்சமான நேரம் எப்படி ரூபாயாகிறது என்று பார்க்கப் போனால் இன்னும் ஆழம். சாலைத் திட்டங்களின் லாப நஷ்டத்தைப் போட இந்தியச் சாலைக் காங்கிரஸ் ‘எஸ்.பி. 30’ என்ற கையேட்டை வைத்திருக்கிறது. அதில் காரில் போகிறவரின் ஒரு மணி நேரத்துக்கு, பஸ்ஸில் போகிறவரின் ஒரு மணி நேரத்தைவிட மதிப்பு அதிகம். காரணம் நேர்மையானது: காரில் போகிறவர் சராசரியாக அதிகம் சம்பாதிக்கிறார், தன் நேரத்துக்கு அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார். இது தகவல். ஆனால் அந்தத் தகவலை எடைக்கல்லாக எடுத்துக்கொள்வது என்பது முடிவு. பிரிட்டனில் சொந்த வேலையாகப் போகிற பயணங்களுக்குப் பணக்காரர், ஏழை எல்லோருக்கும் ஒரே மதிப்பு என்று பல பத்தாண்டுகளாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். கடிகாரம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். இதைச் சொன்னதும் மல்லூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற ஒரு பெண், ‘அப்ப எங்க நேரத்துக்கு ரோடு போட மாட்டாங்களா சார்?’ என்றாள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கம் சாய்கிறது என்று விளக்க ஒரு பீரியட் ஆனது.

தள்ளுபடி விகிதம் இன்னொன்று. இங்கே சாலைத் திட்டங்களில் வழக்கமாக 12 சதவீதம் வைக்கிறார்கள். இருபது வருஷம் கழித்து வரும் நூறு ரூபாய், 12 சதவீதத்தில் இன்றைக்குப் பத்து ரூபாய் சொச்சம். 4 சதவீதத்தில் 45 ரூபாய்க்கு மேல். பிள்ளைகளையே கால்குலேட்டர் இல்லாமல் போடச் சொல்வேன். கை வலித்தால்தான் மனதில் நிற்கும். தென்னை நட்டவன் பேரன் காலத்துத் தேங்காயையும் நினைத்துத்தான் நடுகிறான். 12 சதவீதத்தில் அந்தத் தேங்காய் கிட்டத்தட்ட இல்லை. அந்தப் பன்னிரண்டில் ஒரு பகுதி தகவல்: நாட்டில் முதலீடு அரிது, வேறு இடத்தில் போட்டால் என்ன வரும் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். மீதி, பேரனை நாம் எவ்வளவு நினைக்கிறோம் என்பது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி நிக்கோலஸ் ஸ்டெர்னும் வில்லியம் நோர்ட்ஹாஸும் 2006, 2007-ல் முட்டிக்கொண்டதில் பெரும்பங்கு இந்த விகிதத்தைப் பற்றியதுதான்.

வழக்கு போன போக்கு தெரிந்ததே. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை செல்லும், ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பிறகே மேற்கொண்டு போக வேண்டும் என்றது. இரண்டு தீர்ப்பும் எந்தக் காகிதம் எந்தக் காகிதத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பதைப் பற்றியவை. ரோடு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் சொல்லும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை, அது அவர்களிடம் கேட்கிற கேள்வி அல்ல.

பாடத்தின் கடைசி வகுப்பை ராபின்ஸுக்காக ஒதுக்கிவைப்பேன். அதே கிடைப்பருமை ராபின்ஸ்தான். ஒரு ரூபாய் பணக்காரனிடமிருந்து ஏழைக்குப் போனால் மொத்த இன்பம் கூடும் என்று அதுவரை பொருளியலர்கள் சாதாரணமாகச் சொல்லிவந்தார்கள். ஒருவர் மனதின் இன்பத்தை இன்னொருவர் மனதின் இன்பத்தோடு ஒப்பிட விஞ்ஞானத்தில் வழியே இல்லை, அது மதிப்பீடு என்று 1932-ல் அவர் வெட்டிவிட்டார். அந்த எண்ணம் தனக்கு எப்படி வந்தது என்று 1938-ல் ஒரு குறிப்பில் சொல்கிறார். ஹென்றி மெய்ன் எழுதியதாக அவர் படித்த கதை அது. இந்தியாவில் ஓர் அதிகாரி, எல்லோர் இன்பத்துக்கும் ஒரே எடை என்ற பெந்தாமின் கொள்கையை ஒரு பிராமணருக்கு விளக்குகிறார். அதெப்படி, அங்கே நிற்கும் அந்தத் தீண்டத்தகாதவனைவிட இன்பம் துய்க்கும் சக்தி எனக்குப் பத்து மடங்கு ஆயிற்றே என்கிறார் பிராமணர். ராபின்ஸுக்கு அந்தப் பிராமணரோடு உடன்பாடில்லை. ஆனால் அவர் சொல்வது தப்பு என்று அளந்து காட்ட எந்தக் கருவியும் தன்னிடம் இல்லை என்பதை அவரால் மறைக்க முடியவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பு கொதிக்கும். கொதிக்காவிட்டால்தான் எனக்குக் கவலை. ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, ‘இதை எதுக்கு சார் நிரூபிக்கணும்?’ என்றான். அளந்து காட்டச் சொல்லிக் கேட்டதே தப்பு என்கிறான் அவன். நான் நாலு நாளாகச் சுற்றிச் சுற்றி வந்த இடம் அது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது, யார் எவ்வளவு இன்பம் துய்க்கிறார் என்று ஆய்வு நடத்திவிட்டு ஒழிக்கவில்லை. அப்படி ஓர் ஆய்வு வேறு மாதிரி முடிந்திருந்தாலும் ஒழித்திருப்பார்கள். ‘அப்படி இல்லேன்னா?’ என்ற கேள்விக்கு ‘இல்லேன்னாலும்’ என்று பதில் வரும் இடம் அது.

நெறியுரை என்றால் வெறும் அபிப்பிராயம், ஆளுக்கு ஆள் வேறுபடும், விஞ்ஞானத்தைவிட ஒரு படி கீழே என்று பிள்ளைகள் எழுதுவதை நான் அடித்துவிடுவதற்குக் காரணம் இதுதான். ஹிலரி புட்னம் 2002-ல் இந்தச் சுவரையே இடித்துப்போட ஒரு புத்தகம் எழுதினார். ‘கொடுமை’ போன்ற சொற்களில் தகவலும் தீர்ப்பும் பின்னிக் கிடக்கின்றன, பிரிக்க முடியாது என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘கமிஷன்காரங்க ஏமாத்துறாங்க’ என்ற வாக்கியத்தை என்னால் இன்னும் கரும்பலகையில் சுத்தமாகப் பிரிக்க முடிந்ததில்லை. எடை குறைத்தார்களா என்று பார்க்கலாம், விலையை மறைத்தார்களா என்று பார்க்கலாம், எல்லாம் பார்த்த பிறகும் ‘ஏமாற்று’ என்பதில் ஏதோ கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும். பிரிக்க முடிந்த அளவைப் பிரித்தாலே, எதை விசாரித்துத் தெரிந்துகொள்வது, எதைக் கூடி உட்கார்ந்து முடிவு செய்வது என்று தெரிந்துவிடும்.

இப்போதைய பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் வேலை பனமரத்துப்பட்டி ஏரி. 1911-ல் வெள்ளைக்காரர் காலத்தில் சேலம் நகரத்தின் குடிதண்ணீருக்காக வந்த ஏரி, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். மேட்டூரிலிருந்து காவிரி சேலத்துக்குப் போனபின் நகரம் இதை மறந்தது; சீமைக்கருவேலம் காடாக ஏறியது. ஏரியைச் சீர்செய்து தண்ணீர் நிறுத்த வேண்டும் என்பதில் வகுப்பில் இரண்டு கருத்து இல்லை. ‘வேண்டும்’ என்று எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய தகவல்களை எழுதச் சொன்னேன். ஜருகுமலையிலிருந்து வரும் ஓடைகளில் எது அடைந்திருக்கிறது, வண்டல் எத்தனை அடி, நிறைந்தால் எத்தனை கிணற்றில் ஊற்று ஏறும், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி போட்டுப் பிழைப்பவர் எத்தனை பேர், தூர்வாரச் செலவு என்ன என்று ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டார்கள். மறுபக்கத்தில் ஒரே கேள்வி: நிறைந்த பிறகு அந்தத் தண்ணீர் சேலத்துக்கா, அரளிக்கா? சேலத்துக்கு என்று ஐந்தாறு பேர், அரளிக்கு என்று மற்றவர்கள். சேலத்துக் கட்சியில் ஒருத்தி, மேட்டூர்த் தண்ணீர் சேலத்துக்குப் போதுமான அளவு வருகிறது என்று தெரிந்தால் மாறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். மாநகராட்சியில் விசாரிக்க அவளையே அனுப்புகிறேன். அரளிக் கட்சியில் மாறத் தயாராக ஒருவரும் இல்லை. ஏன் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.